அப்போது போனார்கள், அப்புறம் ஏன் போகவில்லை?

நிலவுப் பயணம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் கட்டாயம் இதைக் கேட்பார்: "1969-லேயே போய்விட்டார்கள் என்கிறீர்கள், அதுவும் இன்றைய செல்போனில் இருக்கும் திறனில் துளிகூட இல்லாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு. அப்படியென்றால் இன்றைக்கு மாதத்துக்கு ஒரு தடவை போய் வந்துகொண்டிருக்க வேண்டாமா? போகவில்லையே, அப்போ போனதே கட்டுக்கதைதானே?" கடைசி வரி தவறு. போனது உண்மை, அங்கிருந்து அள்ளிக்கொண்டு வந்த 382 கிலோ கல்லையும் மண்ணையும் இன்னும் பல நாட்டு ஆய்வகங்களில் அலசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மற்ற பாதி நியாயமான கேள்விதான். 1972 டிசம்பருக்குப் பிறகு மனிதக் கால் நிலவில் பட்டதில்லை. கம்ப்யூட்டர், மருத்துவம், செல்போன் எல்லாம் எங்கேயோ போய்விட்டன, இது மட்டும் ஏன் நின்றது?

சுருக்கமான பதில் இதுதான். அன்றைக்குப் போனது தொழில்நுட்பம் பழுத்துவிட்டதால் இல்லை, என்ன செலவானாலும் போயே தீர வேண்டும் என்ற அரசியல் நெருக்கடியால். நெருக்கடி தீர்ந்ததும் பணம் நின்றது, பணம் நின்றதும் பயணமும் நின்றது. இன்று மறுபடி பேச்சு கிளம்பியிருப்பதற்கும் இரண்டு காரணங்கள்தான்: மேலே ஏற்றும் செலவு குறையத் தொடங்கியிருக்கிறது, மறுபடி ஒரு போட்டியாளர் வந்திருக்கிறார். இனி விவரமாகப் பார்க்கலாம்.

அவசரம் எங்கிருந்து வந்தது

1961 ஏப்ரல் 12 அன்று சோவியத் நாட்டின் யூரி ககாரின் விண்வெளிக்குப் போய்ப் பூமியை ஒரு சுற்று சுற்றி, 108 நிமிடத்தில் திரும்பினார். அமெரிக்காவுக்கு அது பெரிய அவமானம். மூன்று வாரம் கழித்து மே 5-ல் அவர்கள் அனுப்பிய ஆலன் ஷெப்பர்ட் பூமியைச் சுற்றக்கூட இல்லை, மேலே போனார், கால் மணி நேரத்தில் கடலில் இறங்கினார். அமெரிக்காவின் மொத்த மனித விண்வெளி அனுபவமே அந்தக் கால் மணி நேரம்தான். அதை வைத்துக்கொண்டு மே 25-ல் அதிபர் கென்னடி அமெரிக்க காங்கிரஸில் போய் நின்று, இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவோம் என்று அறிவித்தார். என்ன தைரியம் பாருங்கள்.

இதை அறிவியல் தாகம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1962 நவம்பரில் கென்னடியும் அப்போதைய நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்பும் வெள்ளை மாளிகையில் பேசிக்கொண்ட ஒலிப்பதிவு பல வருடம் கழித்து வெளியே வந்தது. அதில் கென்னடி, விண்வெளியில் தனக்கு அப்படியொன்றும் பெரிய ஆர்வம் இல்லை, ரஷ்யர்களை முந்துவதற்காகத்தான் இவ்வளவு செலவு என்ற பொருளில் பச்சையாகவே பேசுகிறார். வெப் அறிவியல் பயன்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல, இவர் முன்னுரிமை எது என்பதிலேயே நிற்கிறார்.

அந்த முன்னுரிமையின் அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1966-ல் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் 4.4 சதவீதம் நாசாவுக்குப் போனது. இப்போது அது அரை சதவீதம்கூட இல்லை. உச்சத்தில் இருந்தபோது அரசு ஊழியர், தனியார் கம்பெனிக்காரர், பல்கலைக்கழகத்தினர் என்று 4 லட்சம் பேர் அப்பல்லோ என்ற இந்த நிலவுத் திட்டத்துக்காக வேலை செய்தார்கள். மொத்தச் செலவு அந்தக் காலத்துப் பணத்தில் 2,540 கோடி டாலர், இன்றைய மதிப்பில் 25,000 கோடி டாலருக்கு மேல். போர்க்காலத்தில்தான் ஒரு நாடு இப்படிச் செலவு செய்யும். இதுவும் ஒரு வகைப் போர்தானே, குண்டு மட்டும் போடவில்லை.

அமெரிக்க மக்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும் பின்னால் ஒட்டவைத்த கதை. அறுபதுகளில் எடுத்த கருத்துக் கணிப்புகள் பலவற்றில் இவ்வளவு செலவு தேவையா என்று கேட்டவர்கள்தான் அதிகம். அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முதல் நாள், 1969 ஜூலை 15 அன்று, மார்ட்டின் லூதர் கிங்கோடு சேர்ந்து போராடிய ரால்ஃப் அபர்நாத்தி ஏழைக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியோடு கென்னடி விண்வெளி மையத்துக்கே வந்துவிட்டார். ஒரு பக்கம் 110 மீட்டர் உயர ராக்கெட், இன்னொரு பக்கம் கழுதை வண்டி. அப்போதைய நாசா தலைவர் தாமஸ் பெய்ன் நேரில் வந்து அவர்களைச் சந்தித்தார். நாளைக்கு நாங்கள் பொத்தானை அழுத்தாமல் விட்டால் உங்கள் வறுமை தீரும் என்றால் நாங்கள் அழுத்தவே மாட்டோம் என்று சொன்னார். நாகரிகமான பதில்தான். ஆனாலும் அபர்நாத்தியின் கேள்வி அன்றோடு முடிந்துவிடவில்லை, அதற்குப் பிறகு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் யாரோ ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

ஜூலை 20-ல் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் இறங்கினார்கள். பந்தயம் முடிந்தது. சோவியத்தின் பெரிய ராக்கெட்டான என்1, 1969-க்கும் 1972-க்கும் இடையில் நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் வெடித்தது. அதை வடிவமைக்கத் தொடங்கிய செர்கேய் கரோலியோவ் 1966-லேயே இறந்துவிட்டிருந்தார். எதிரில் ஓட ஆளே இல்லாத பந்தயத்தில் யார் காசு போடுவார்கள்? முதல் முறை இறங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1970 ஜனவரியில் அப்பல்லோ 20 ரத்து. அதே வருடம் இன்னும் இரண்டு பயணங்கள் ரத்து. அப்பல்லோ 17-உடன் கடையைக் கட்டினார்கள்.

கடைசிப் பயணத்தில் ஒரு மட்கார்டு

அந்த அப்பல்லோ 17 பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "ரோபோ இருக்கும்போது மனிதன் எதற்கு" என்ற விவாதத்துக்கு அதில்தான் நல்ல சாட்சி இருக்கிறது.

ஜீன் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் டாரஸ்-லிட்ரோ என்ற பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். ஷ்மிட் புவியியல் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர், நிலவில் கால் வைத்த பன்னிரண்டு பேரில் தொழில்முறை விஞ்ஞானி அவர் ஒருவர்தான். முதல் நாளே செர்னனின் சுத்தியல் இடித்து அவர்களுடைய பேட்டரி வண்டியின் பின்சக்கர மட்கார்டு உடைந்துவிட்டது. நம் ஊரில் மட்கார்டு போனால் முதுகில் சேறு அடிக்கும், வீட்டுக்குப் போய்த் துவைத்துக்கொள்ளலாம். அங்கே அடிப்பது நிலவுத் தூசி. காற்றும் நீரும் பட்டுத் தேயாத, கண்ணாடித் தூள் மாதிரிக் கூரான தூசி, அது உடையின் இணைப்புகளிலும் கருவிகளிலும் புகுந்தால் வேலையே கெட்டுப்போகும். அன்று இரவு பூமியில் உட்கார்ந்து ஒரு வழி யோசித்துச் சொன்னார்கள். மறுநாள் காலையில் இவர்கள் நான்கு வரைபடத் தாள்களை டேப்பால் ஒட்டி ஒரு பலகை மாதிரி செய்து, கலத்துக்குள் விளக்குக்காக வைத்திருந்த கிளாம்புகளைக் கழற்றி, அதை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பயணம் முடியும்வரை அது தாங்கியது.

அந்த வண்டியில் மூன்று நாட்களில் அவர்கள் ஓட்டிய தூரம் சுமார் 35 கிலோமீட்டர். செவ்வாயில் நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் 45 கிலோமீட்டர் போக எடுத்துக்கொண்டது பதினான்கு வருடம். அப்பல்லோ 17 மட்டும் 110 கிலோ கல் கொண்டுவந்தது. சீனாவின் ஆளில்லாத சாங்'இ 5 கொண்டுவந்தது 1.7 கிலோ. ஆக, இடத்தில் மனிதன் இருந்தால் வேலை வேகமாக நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ரோபோவுக்குச் சோறு, தண்ணீர், மூச்சுக்காற்று, கழிப்பறை எதுவும் வேண்டாம். மிக முக்கியமாக, அதைத் திரும்ப அழைத்துவர வேண்டியதில்லை. ஆப்பர்ச்சூனிட்டி தூசிப் புயலில் மாட்டி அடங்கிப்போனபோது உலகம் முழுக்க ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள், அவ்வளவுதான், எந்த விசாரணைக் கமிஷனும் உட்காரவில்லை. வியாழன், சனி, அதற்கும் அப்பால் என்று சூரியக் குடும்பத்தை நாம் இன்று இவ்வளவு தெரிந்துவைத்திருப்பது முழுக்க முழுக்க ஆளில்லா விண்கலங்களால். ஆராய்ச்சி நிற்கவே இல்லை, மனிதர்கள் போவதுதான் நின்றது. அறிவியலுக்காக மட்டும் என்று கணக்குப் போட்டால் அதே காசுக்கு ரோபோ பல இடங்களைப் பார்த்துவிடும் என்பதால் விஞ்ஞானிகளிலேயே பலர் மனிதப் பயணத்துக்காகப் பெரிதாக வாதாடுவதில்லை.

எடை என்ற சாபம்

இனி வரப்போகும் பகுதி கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், கணக்கு இல்லை.

பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமானால் ஒரு பொருள் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தைக் கொடுப்பது எரிபொருள். எரிபொருளுக்கும் எடை உண்டு, அந்த எடையைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும், அதைத் தூக்க இன்னும் கொஞ்சம். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கூட இல்லாத நெடுஞ்சாலையில், போக வரத் தேவையான டீசல் முழுவதையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரியை நினைத்துப் பாருங்கள். சரக்கு ஏற்ற இடமே இருக்காது. இந்தக் கணக்கை ரஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டன்டின் சியால்கோவ்ஸ்கி 1903-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார், இன்றுவரை யாராலும் அதை ஏமாற்ற முடியவில்லை.

அப்பல்லோ வீரர்களை நிலவுக்கு ஏற்றிப்போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எடை கிளம்பும்போது சுமார் 2,900 டன். அடிப்பகுதியின் ஐந்து எஞ்சின்களும் சேர்ந்து ஒரு நொடிக்கு 13 டன் எரிபொருளைக் குடித்தன. இரண்டரை நிமிடத்தில் அந்த அடுக்கு காலி, கடலில் விழுந்துவிடும். அடுத்த அடுக்கும் அப்படியே. மூன்று பேரைச் சுமந்துகொண்டு கடைசியில் பசிபிக் கடலில் வந்து இறங்கியது ஐந்து டன் சொச்சம் எடையுள்ள ஒரு கூம்பு மட்டும். மீதி எல்லாம் எரிந்தது, விழுந்தது, அல்லது நிலவிலேயே விடப்பட்டது. அடுத்த பயணத்துக்கு முழு ராக்கெட்டையும் புதிதாகக் கட்ட வேண்டும். இப்படி ஒரு முறையை எந்தப் பணக்கார நாடும் நிரந்தரமாக நடத்த முடியாது, யானையைக் கட்டித் தீனி போடுவதைவிடக் கொடுமை.

சாட்டர்ன் 5-இன் வரைபடங்கள் தொலைந்துவிட்டன என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. தொலையவில்லை, மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன. ஆனால் அதைச் செய்த பட்டறைகளும் உதிரிபாகக் கம்பெனிகளும் கையால் பற்றவைத்துப் பழகிய ஆட்களும் போய்விட்டார்கள். வரைபடத்தில் எழுதாத கைப்பக்குவம் நிறைய உண்டு, அது மனிதர்களோடு போய்விடும். மிஞ்சிய சாட்டர்ன் ராக்கெட்டுகளை இன்று ஹூஸ்டனிலும் ஃபுளோரிடாவிலும் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லிலும் படுக்கவைத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஷட்டில்: நல்ல யோசனை, தவறிய கணக்கு

தூக்கிப்போடாத வண்டி இருந்தால் செலவு குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1972 ஜனவரியில் அதிபர் நிக்சன் ஸ்பேஸ் ஷட்டில் திட்டத்துக்குப் பச்சைக்கொடி காட்டினார். நிலவில் தளம், பூமியைச் சுற்றும் நிலையம், எண்பதுகளில் செவ்வாய் என்று நீண்ட பட்டியல் அவர் மேசைக்கு வந்தது. அவர் அதில் எடுத்துக்கொண்டது ஷட்டிலை மட்டும். வாரத்துக்கு ஒன்று பறக்கும், பஸ் மாதிரிப் போய்வரும் என்றெல்லாம் சொன்னார்கள். நடந்தது என்ன? அதிகபட்சமாக ஒரே வருடத்தில் ஒன்பது பயணம், அது 1985-ல். ஒவ்வொரு முறை இறங்கியதும் வயிற்றுப் பக்கம் ஒட்டியிருந்த ஆயிரக்கணக்கான வெப்பத் தடுப்பு ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், எஞ்சினைக் கழற்றிச் சோதிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். மொத்தச் செலவை 135 பயணத்தால் வகுத்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 150 கோடி டாலர். திரும்பப் பயன்படுத்துவது வேறு, மலிவாகத் திரும்பப் பயன்படுத்துவது வேறு என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த பாடம் கிடையாது.

அப்புறம் உயிர்கள். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர், 2003 பிப்ரவரி 1-ல் கல்பனா சாவ்லா இருந்த கொலம்பியா. இரண்டிலும் சேர்த்துப் பதினான்கு பேர். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் எதுவுமே பறக்கவில்லை. 2011 ஜூலையில் ஷட்டிலுக்கு மூடுவிழா நடந்தது, அதன் பிறகு 2020 வரை நிலவுக்கே போன நாடு தன் ஆட்களைச் சுற்றுப்பாதைக்கு அனுப்ப ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் சீட் வாங்கிக்கொண்டிருந்தது. கென்னடி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இதற்கிடையில் சர்வதேச விண்வெளி நிலையம் கட்டப்பட்டது. 2000 நவம்பர் 2 முதல் அங்கே ஆள் இல்லாத நாளே இல்லை. இதையும் கணக்கில் எடுத்தால், மனிதன் விண்வெளியை விட்டுவிட்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் அது இருக்கும் உயரம் 400 கிலோமீட்டர், நிலவின் தூரம் 3,84,400 கிலோமீட்டர். வாசற்படியிலேயே கால் நூற்றாண்டாக உட்கார்ந்திருக்கிறோம். உட்கார்ந்தது வீண் என்று நான் சொல்லமாட்டேன். எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தேய்கிறது, தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்தால் ஓரளவு தடுக்கலாம், சிறுநீரும் வியர்வையும் உட்பட 98 சதவீத நீரை மீட்டு மறுபடி குடிக்கலாம் என்பதெல்லாம் அங்கே வாழ்ந்து பார்த்துத்தான் தெரிந்தது. இது இல்லாமல் செவ்வாயைப் பற்றிப் பேசவே முடியாது.

அதிபர் மாறினால் ஊர் மாறும்

பணத்துக்கு அடுத்த பெரிய தடை பொறுமை. நிலவுக்கோ செவ்வாய்க்கோ போகும் திட்டம் முடியப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். அமெரிக்க அதிபருக்கு நான்கு வருடம், மிஞ்சினால் எட்டு. 1989-ல் அப்பா புஷ் நிலவுக்கும் செவ்வாய்க்கும் போவோம் என்றார், நாசா போட்டுக் காட்டிய மதிப்பீடு சுமார் 50,000 கோடி டாலர் என்றதும் காங்கிரஸ் அதை ஓரமாகத் தள்ளிவிட்டது. 2004-ல் மகன் புஷ் மறுபடி நிலவு என்றார். 2010-ல் ஒபாமா அதை ரத்து செய்து, குறுங்கோளுக்குப் போகலாம் என்றார். 2017-ல் டிரம்ப் மறுபடி நிலவுக்கே திருப்பினார், அதுதான் இன்றைய ஆர்ட்டெமிஸ். பாதி கட்டிய வீட்டை ஒவ்வொரு முறையும் இடித்தால் எப்போது குடிபோவது?

ஆர்ட்டெமிஸின் பெரிய ராக்கெட்டான எஸ்எல்எஸ் இதே அரசியலின் பிள்ளை. பழைய ஷட்டில் எஞ்சின்களையே எடுத்து அதில் பொருத்துகிறார்கள். ஷட்டிலில் திரும்பத் திரும்பப் பறக்கும்படி செய்த எஞ்சின்கள் இதில் ஒரே பயணத்தோடு கடலுக்குள் போய்விடும். ஒரு ஏவுதலுக்கு, மேலே வீரர்கள் உட்காரும் ஓரியன் கலத்தையும் சேர்த்து, 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் சொந்தத் தணிக்கை அதிகாரியே 2022-ல் காங்கிரஸிடம் சொன்னார், கட்டுப்படியாகாது என்றும் சொன்னார். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அதன் பாகங்கள் நாட்டின் எல்லாப் பக்கமும் செய்யப்படுகின்றன, எந்த செனட்டர் தன் மாநிலத்து வேலைகளை விட்டுக்கொடுப்பார்? கிண்டலாக அதை செனட் ராக்கெட் என்றே கூப்பிடுகிறார்கள்.

எது மறுபடி கிளப்பும்?

முதலில் விலை. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் அடிப்பகுதி, மேலே சரக்கை விட்டுவிட்டு வந்து, நெருப்பைக் கக்கிக்கொண்டே நேராகத் தரையில் நின்றது. 2017-ல் அப்படி இறங்கிய ஒன்றையே மறுபடி பறக்கவிட்டார்கள். இன்று பூஸ்டர் எனப்படும் அந்த அடிப்பகுதி ஒன்றே முப்பது தடவைக்கு மேல் பறப்பது செய்திகூட இல்லை. ஷட்டிலில் ஒரு கிலோவைச் சுற்றுப்பாதைக்கு ஏற்ற 54,500 டாலர் ஆனது, ஃபால்கன் 9-ல் சுமார் 2,700 டாலர் என்று நாசா ஆய்வாளர் ஒருவரின் கணக்கு உண்டு. இருபதில் ஒரு பங்கு! ஷட்டிலில் தோற்ற அதே யோசனை இங்கே எப்படி ஜெயித்தது? ஆளை ஏற்றும் பகுதியை விட்டுவிட்டு, வேகமும் வெப்பமும் குறைவாக இருக்கும் அடிப்பகுதியை மட்டும் மீட்டார்கள், அடிக்கடி பறக்கவிட்டுப் பழகினார்கள், ஆளில்லாமல் சோதித்ததால் உடைந்தாலும் கவலைப்படாமல் அடுத்ததைக் கொண்டுவந்தார்கள்.

இதே கம்பெனியின் ஸ்டார்ஷிப் முழு ராக்கெட்டையும் மீட்கப் பார்க்கிறது. 2024 அக்டோபரில் திரும்பி வந்த அதன் பிரம்மாண்ட பூஸ்டரை ஏவுதளக் கோபுரத்தின் இரண்டு கைகள் பிடித்துக்கொண்ட காட்சியை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்கப் பிரமாதமாக இருந்தாலும் மனிதப் பயணத்துக்கு அதைவிட முக்கியமான வேலை வேறொன்று: சுற்றுப்பாதையில் வைத்து ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு எரிபொருள் மாற்றுவது. முன்னால் சொன்ன லாரிக் கதையில் நடுவழியில் பங்க் திறப்பது இதுதான். ஸ்டார்ஷிப்பை நிலவில் இறக்க வேண்டுமானால் டேங்கர் கலங்கள் பத்து, பதினைந்து தடவைகூட ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மீத்தேனும் ஆக்ஸிஜனும் பூஜ்யத்துக்குக் கீழே 160, 180 டிகிரியில் திரவமாக இருக்க வேண்டும், வெயில் பட்டால் ஆவியாகும், எடையற்ற நிலையில் தொட்டிக்குள் எங்கே மிதக்கும் என்றே சொல்ல முடியாது. இது கைகூடினால்தான் மற்ற எல்லாம். நாசா 2021-ல் ஸ்பேஸ்எக்ஸுக்கும் 2023-ல் ஜெஃப் பெசோஸின் ப்ளூ ஆரிஜினுக்கும் நிலவில் இறங்கும் கலத்துக்கான ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது. ஒரே முதலாளியின் மனநிலையை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காகவாவது இரண்டு பேர் இருப்பது நல்லது.

இரண்டாவது, சீனா. 2003-ல் தங்கள் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய்யை அனுப்பினார்கள், 2022-ல் தியாங்கோங் விண்வெளி நிலையத்தைக் கட்டி முடித்தார்கள், 2024-ல் சாங்'இ 6 நிலவின் மறுபக்கத்திலிருந்து மண் கொண்டுவந்தது. 2030-க்குள் நிலவில் ஆளை இறக்குவோம் என்கிறார்கள். அங்கே நான்கு வருடத்துக்கு ஒரு முறை திட்டம் மாறுவதில்லை, சொன்ன தேதியை ஒட்டித்தான் இதுவரை வேலை நடந்திருக்கிறது. வாஷிங்டனில் ஆர்ட்டெமிஸுக்குப் பணம் கேட்பவர்கள் இன்று அறிவியலைவிட அதிகம் உச்சரிக்கும் சொல் சீனாதான். கென்னடி காலத்துக்கே திரும்பிவிட்டோம்.

போட்டியை மட்டும் நம்பினால் மறுபடி கொடி நட்டுவிட்டுத் திரும்பி வருவதில்தான் முடியும் என்பது என் கருத்து. இதற்கு ஒரு முன்மாதிரி பூமியிலேயே இருக்கிறது. தென்துருவத்தை 1911 டிசம்பரில் அமுண்ட்சென் அடைந்தார், ஒரு மாதம் கழித்து ஸ்காட் போய்ச் சேர்ந்து திரும்பும் வழியில் இறந்தார். அதற்குப் பிறகு 1956 வரை ஒருவர்கூட அந்த இடத்தில் கால் வைக்கவில்லை. நாற்பத்து நான்கு வருட இடைவெளி! பந்தயம் முடிந்துவிட்டது, நாய்வண்டியில் உயிரைக் கொடுத்துப் போக யாருக்கும் காரணம் இல்லை. 1956-ல் விமானம் அங்கே இறங்கியது, உடனே நிலையம் கட்டினார்கள், அன்றிலிருந்து இன்றுவரை அங்கே ஆள் இருக்கிறார்கள். மனிதனின் ஆர்வம் கூடியதால் இல்லை, போக்குவரத்து மாறியதால். நிலவும் அதே வழியில் போகும் என்றுதான் நினைக்கிறேன்: இருபது, முப்பது பேர் முறைவைத்துத் தங்கும் ஆராய்ச்சி முகாம். நகரம், குடியேற்றம் என்று பேசுவதெல்லாம் இப்போதைக்கு ரொம்ப அதிகம்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது நிலவின் வளம். இதில் பாதி சரி, பாதி வாய்ப்பந்தல். நிலவின் தென்துருவத்தில் சூரிய ஒளியே படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறது. நிலவில் நீரின் தடயம் இருப்பதை 2009-ல் வெளிக்கொண்டுவந்ததில் நம் சந்திரயான்-1-க்கு, அதில் ஏறிப்போன நாசா கருவிக்கு, முக்கியப் பங்கு உண்டு. அந்த நீரைப் பிரித்தால் மூச்சுக்கு ஆக்ஸிஜன், ராக்கெட்டுக்கு எரிபொருள். இது நியாயமான கனவு, ஆனால் எவ்வளவு இருக்கிறது, வெட்டி எடுக்க முடியுமா என்று இன்னும் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. அணு இணைவு உலைக்கு எரிபொருளாகும் என்று சொல்லப்படும் ஹீலியம்-3 வாயுவை வெட்டிக் கோடீஸ்வரர் ஆகலாம் என்பவர்களை மட்டும் நம்ப வேண்டாம். அதை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை பூமியில் ஒன்றுகூட இல்லை.

இந்தியாவும் இந்த வரிசையில் நிற்கிறது. நம் ஆட்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் 2018-ல் அறிவிக்கப்பட்டபோது 2022 என்று இலக்கு வைத்தார்கள், அது தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. சிலருக்கு இதில் எரிச்சல், எனக்கு இல்லை. செயற்கைக்கோளை ஏற்றும் எஞ்சினுக்கும் மனிதனை ஏற்றும் எஞ்சினுக்கும் வித்தியாசம் பெரியது. அதற்காகத்தான் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் அதே எஞ்சின்களை, கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பது வரை வைத்து, திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்தார்கள். ராக்கெட் கிளம்பும்போது கோளாறு வந்தால் வீரர்கள் இருக்கும் கலத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போகும் அமைப்பை 2023 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவில் சோதித்தார்கள். சேலஞ்சரில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

செவ்வாயைப் பற்றிக் கேட்பீர்கள். போய்த் திரும்ப இரண்டரை, மூன்று வருடம். கிளம்பும் வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒரு முறைதான், நடுவில் மனம் மாறினால் திரும்ப முடியாது. கியூரியாசிட்டி ரோவர் போகும் வழியில் அளந்த கதிர்வீச்சை வைத்துப் பார்த்தால், போக வர மட்டுமே சுமார் 660 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) உடம்பில் ஏறும். ஒரு விண்வெளி வீரருக்கு வாழ்நாள் முழுவதற்குமாக நாசா வைத்திருக்கும் வரம்பு 600. எந்தத் தொழிலதிபர் எந்தத் தேதி சொன்னாலும் இந்தக் கணக்கைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆகவே இனி செய்தி படிக்கும்போது, ராக்கெட் கிளம்பும் வீடியோவில் மயங்க வேண்டாம், மூன்று விஷயங்களைத் தேடுங்கள். சுற்றுப்பாதையில் டன் கணக்கில் எரிபொருள் மாற்றினார்களா? சீனாவின் நிலவுக் கலமும் அதன் புதிய ராக்கெட்டும் சோதனைகளில் எங்கே நிற்கின்றன? 2030 வாக்கில் சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கடலில் இறக்கத் திட்டமிட்டிருக்கிறார்களே, அதற்குப் பதிலாகத் தனியார் நிலையம் ஏதாவது மேலே போய்விட்டதா? மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. அதற்கு இல்லை என்று பதில் வந்தால், 2000 நவம்பரிலிருந்து அறுபடாமல் வந்த தொடர்ச்சி அமெரிக்கப் பக்கத்தில் அறுந்துபோகும், மேலே நிரந்தரமாக ஆள் வைத்திருக்கும் ஒரே நாடாகச் சீனா இருக்கும்.